வெள்ளிக்கிழமைப் பொட்டாஷ்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறைப்படக் கூடாது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, குடவாசல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கவர்மென்ட் வேலை இன்னும் கிடைக்கவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. இந்த இரண்டும் ஆகாத பொண்ணை எங்கே நிறுத்தி எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது போலிருக்கிறது. அந்தச் சட்டத்தை முதலில் கையில் எடுத்தவர் என் அப்பா. சாப்பிட உட்கார்ந்தால், "சாம்பார்ல உப்பு கரைஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்லும்மா, அதுக்குத்தானே ரெண்டு பட்டம் வாங்கியிருக்கே" என்பார். நான் விடுவேனா? "அதுக்கு எதுக்குப்பா பட்டம், உங்க நாக்கு நீளமே போதும்" என்பேன். அம்மா எங்கள் இருவர் தட்டிலும் ரசத்தை ஊற்றி வாயை அடைப்பாள்.

பிளஸ் ஒன்னில் கரைசல்கள் என்று ஒரு பாடம். அதில் தொகைசார் பண்புகள் என்ற தலைப்பு வந்தாலே பிள்ளைகள் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். நான் கல்யாணப் பந்தியை வைத்து நடத்துவேன். பரிமாறுகிறவருக்கு எத்தனை இலை என்பதுதான் கணக்கு. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது கலெக்டரா, கண்டக்டரா என்பது கணக்கில்லை. தண்ணீரும் அப்படித்தான். அதில் கரைந்தது சர்க்கரையா, உப்பா, யூரியாவா என்று அது பார்ப்பதில்லை. எத்தனை துகள் வந்து கலந்திருக்கிறது, அவ்வளவுதான். துகள் கூடக்கூடத் தண்ணீர் உறைவதற்கு இன்னும் குளிர வேண்டும், கொதிப்பதற்கு இன்னும் சுட வேண்டும். பிள்ளைகள் பந்தியை ஞாபகம் வைத்துக்கொண்டு பரீட்சையில் எழுதிவிடுவார்கள். நானும் அதோடு அந்தப் பாடத்தை மறந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் என் தங்கச்சி எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். முதல் பிரசவம், பெண் குழந்தை. தலை நின்று, ஆளைக் கண்டால் ஈறு தெரியச் சிரிக்கிற வயது. அவ்வளவு அழகுக்கும் ஒரு திருஷ்டி மாதிரி அவளுக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை டின் பால் கரைத்துக் கொடுத்துவிட்டோம். உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த வழியெல்லாம் தங்கச்சி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாய்ப்பால் மட்டும்தான். மாட்டுப்பால், ஆட்டுப்பால், சாதா டின் பால் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

அப்படி இருக்கும்போது தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள். ஆபரேஷன் தள்ளிப்போட முடியாது, அதற்கப்புறம் சில நாளைக்கு மருந்து வீரியம் குறையும்வரை பால் கொடுக்கவும் கூடாது என்றார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டு, அதற்கு முந்தின வாரமெல்லாம் குழந்தை குடித்தது போக மிச்சப் பாலைப் பிழிந்து, அதற்கென்று விற்கிற சின்னச் சின்னப் பைகளில் ஊற்றி, ஃப்ரீசரில் அடுக்கினாள். வலி வந்த நாளிலும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பிழிவாள். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவள் அவள். ஃப்ரீசர் நிறைந்த அன்று அதைத் திறந்து எனக்குக் காட்டினாள். "பாருக்கா, என் புள்ளைக்கு நான் வெச்சிருக்கிற சொத்து" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "மூடுடி, கரண்டு வீணாகுது" என்று அதட்டினேன்.

அவளும் துணைக்கு அம்மாவும் தஞ்சாவூர் போனார்கள். நானும் அப்பாவும் குழந்தையை வைத்துக்கொண்டோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று போன் வந்தது. அன்று ராத்திரியே புயலும் வந்தது.

புயலைப் பற்றி நான் என்ன சொல்ல. டெல்டாவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் தலை முறிந்து கிடக்கிறது, கரண்டுக் கம்பம் ரோட்டில் படுத்திருக்கிறது, தஞ்சாவூர் ரோட்டில் புளியமரம் குறுக்கே சாய்ந்து ஒரு சைக்கிள்கூடப் போக வழியில்லை. சம்பா நாற்று மூழ்கி நிற்க, அப்பா வயலுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தார். போன் சிக்னல் போய்ப் போய் வந்தது. அதற்கு நடுவில் தங்கச்சி ஒரே ஒரு தடவை பிடித்தாள்.

"அக்கா, கரண்டு போயிருச்சாமே. பால்?"

"இருக்குடி. ஃப்ரீசரை யாரையும் தொறக்க விடலை."

"நான் வர்ற வரைக்கும் காணுமா?"

"காணும்" என்றேன். வேறு என்ன சொல்வது, தையல் போட்ட வயிற்றோடு படுத்திருப்பவளிடம்? "டின் பால் குடுத்துடாதக்கா" என்று அவள் சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது.

அடுத்த நாள், வெள்ளிக்கிழமை காலை, ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. உறைந்த பால் ஒருமுறை இளகிவிட்டால் ஒரு நாளைக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. மொத்தமும் இளகினால் இன்றைக்கு ஒரு வயிறு குடித்தது போக மிச்சமெல்லாம் சாக்கடைக்கு. நாளைக்கு? ரோடு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் கைக்குழந்தைக்காரி என்று வேறு ஒருத்தியும் இல்லை. குழந்தையோ என் மடியில் கிடந்து கட்டை விரலைச் சப்பிக்கொண்டு சிரிக்கிறது, அதற்கு என்ன தெரியும்.

அப்பாதான் ஐஸ் கொண்டுவந்தார். கடைத்தெரு மீன்கடைக்குப் புயலுக்கு முந்தின நாளே நாகப்பட்டினத்திலிருந்து ஐஸ் வந்து இறங்கியிருந்தது. புயல் எச்சரிக்கையில் படகு எதுவும் கடலுக்குப் போகாததால் மீன் இல்லை, ஐஸ் மட்டும் உமிக்குள் கிடந்தது. குழந்தைக்கு என்று சொன்னதும் கடைக்காரர் பெரிய தெர்மாகோல் பெட்டியையும் சேர்த்துத் தூக்கி விட்டிருக்கிறார். பால் பைகளை எல்லாம் பெரிய எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, மூடியை அழுத்தி, பாலித்தீன் சுற்றி, ஐஸுக்கு நடுவில் புதைத்தோம். அப்பா பெட்டியைத் தட்டி, "முடிஞ்சுது கவலை. ஐஸுக்குள்ள இருக்கிறது ஐஸாத்தானே இருக்கும்" என்றார்.

சாயங்காலம் குழந்தைக்கு ஒரு பை எடுக்கத் தூக்கைத் திறந்தேன். ஓரத்துப் பைகளைத் தொட்டால் விரல் பதிகிறது. பெட்டியில் ஐஸ் அப்படியே கட்டியாக இருக்கிறது, உள்ளே பால் இளகிக்கொண்டிருக்கிறது! அப்பா, "அதெப்படி?" என்று என்னையே முறைத்தார், ஏதோ நான்தான் இளக்கினேன் என்பது போல.

அப்போதுதான் என் மண்டையில் பந்தி இலை விழுந்தது. ஐஸ் ஜீரோ டிகிரியில் நிற்கும். பால் வெறும் தண்ணீர் இல்லையே. அதில் சர்க்கரை இருக்கிறது, உப்பு இருக்கிறது, இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அது ஜீரோவுக்குக் கொஞ்சம் கீழே போனால்தான் உறையும். ஜீரோவில் நிற்கிற ஐஸ் அதை உறைந்த நிலையில் பிடித்து வைக்காது. ஐஸையே ஜீரோவுக்குக் கீழே இறக்கினால்தான் உண்டு. அதற்கு ஐஸில் உப்பைக் கொட்ட வேண்டும். கொட்டினால் ஐஸ் கரையும், கரைவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்திலிருந்தே பிடுங்கும், பிடுங்கப் பிடுங்கக் குளிர் இறங்கும். நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுவது இதைத்தான்.

உப்பு! எங்கள் வீட்டு ஜாடியில் இருந்தது ஒரு மூலைக்குக் காணாது. கடைகள் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. அடுத்த வீட்டு அத்தை ஊறுகாய் போடுகிறவர், கல்லுப்பு கிலோ கிலோவாக வைத்திருப்பார். சொந்த அத்தை இல்லை, ஆனாலும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறோம். குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

அத்தை அப்போதுதான் விளக்கு ஏற்றிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "அத்தை, கல்லுப்பு எவ்வளவு இருக்கு? எல்லாம் வேணும்" என்றேன்.

அத்தை திரும்பி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னடி இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வெச்சப்புறம் வந்து உப்பு கேக்குறே?"

"கொழந்தைக்கு அத்தை."

"கொழந்தைக்கு எதுக்குடி உப்பு?"

மூச்சு வாங்கச் சொன்னேன். ஐஸுக்கு உப்பா என்று ஒரு கேள்வி, உப்பு போட்டால் ஐஸ் கரைந்துதானே போகும் என்று ஒரு கேள்வி. பதில் சொல்லச் சொல்ல அத்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "கோவிச்சுக்காதடி. விளக்கு வெச்சப்புறம் உப்பு வாசப்படி தாண்டினா அதோட லட்சுமியும் எறங்கிப் போயிடுவா. பொழுது விடியட்டும், ஜாடியோட நானே கொண்டாந்து வைக்கிறேன்" என்றார்.

"விடியும்போது பாலு பாலா இருக்காது அத்தை!"

"வேற எது வேணாலும் கேளு. அரிசி கேளு, அண்டா கேளு, கழுத்துல கெடக்குற செயினைக் கேளு, கழட்டித் தர்றேன். உப்பு மட்டும் கேக்காத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன வாய் வரைக்கும் வந்தது என்று இங்கே எழுத முடியாது. லட்சுமியாவது கிட்சுமியாவது என்று கத்தியிருப்பேன். கத்தியிருந்தால் அந்த வீட்டு வாசலை அதற்கப்புறம் மிதித்திருக்க முடியாது. கத்த வாயைத் திறந்தபோதுதான் அத்தை எதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தேன். சம்பாவுக்கு மேலுரம் போட வாங்கி, மழையில் நனையாமல் இருக்கக் கூடத்துக்குள் கொண்டுவந்து அடுக்கிய மூட்டைகள். யூரியா இரண்டு வரிசை. அதற்குப் பக்கத்தில் பொட்டாஷ்.

இலைக்கு முன்னால் யார் உட்கார்ந்தால் என்ன! பொட்டாஷும் தண்ணீரில் விழுந்தால் உப்பைப் போலவே ஒன்று இரண்டாகப் பிரியும். உப்பு அளவுக்குக் குளிரை இறக்காது, ஆனால் பால் கட்டியாக நிற்க அது தாராளம்.

"அத்தை, நீங்க சாஞ்சிருக்கீங்களே, அந்தப் பொட்டாஷைக் குடுப்பீங்களா?"

அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இதுவா? அட இதுக்கா இவ்வளவு நேரம் தொண்டையைக் கிழிச்சே? எடுத்துக்கிட்டுப் போ. ஒரு மூட்டை போதுமா?"

அதுவும் ஒரு உப்புதான் என்று சொல்ல என் நாக்கு துறுதுறுத்தது. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த தருணங்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று அது.

நானும் அத்தையும் மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டதும் அப்பா குதித்தார். "உரமா? புள்ளை குடிக்கிற பாலை உரத்துக்குள்ளயா வைப்பே? உனக்கென்ன பைத்தியம் புடிச்சிருக்கா?" அவர் பயத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். பேத்தி மேல் உயிர். நான் தூக்கைக் காட்டினேன். மூடி அழுத்தி, அதன்மேல் பாலித்தீன் சுற்றி, கயிறு கட்டி, மூடி எப்போதும் ஐஸுக்கு மேலே நிற்கும்படி வைக்கப் போகிறேன் என்றேன். பொட்டாஷ் செங்கல் தூள் நிறம், ஒரு துளி உள்ளே போனாலும் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும், அப்படி ஒரு பையில் தெரிந்தால்கூட மொத்தத்தையும் கொட்டிவிடுவேன் என்றேன். அப்பா அசையவில்லை. "இதுல குளிர் எறங்கும்னு என்ன நிச்சயம்?"

"நீங்களே பாருங்க" என்றேன்.

ஐஸைச் சாக்கில் கட்டி உலக்கையால் நொறுக்கி, கொஞ்சத்தை ஒரு வாளியில் போட்டேன். பொட்டாஷை அள்ளி அள்ளிக் கலந்தேன். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற குட்டி எவர்சில்வர் கிண்ணம் ஒன்று இருந்தது, அதில் பானைத் தண்ணீரை ஊற்றி நடுவில் உட்கார வைத்தேன். ஐஸ் நசநசவென்று கரைந்து சிவப்புச் சேறாக நின்றது. கரைகிறதைப் பார்த்து அப்பா, "போச்சு, இருந்த ஐஸும் போச்சு" என்றார். நான் இன்னும் ஒரு கை பொட்டாஷை அள்ளிப் போட்டுக் கிண்டினேன். உள்ளுக்குள் எனக்கும் நிச்சயமில்லை. பாடமாக எழுதிப் போட்டது வேறு, வாளியில் செய்தது இதுதான் முதல் தடவை. பள்ளியில் ஐஸ் ஏது, அதற்கெல்லாம் லேப் ஏது.

ஒரு ஈடு இட்லி வேகிற நேரம் ஆகியிருக்கும். வாளியின் வெளிப்புறம் பூத்துப்போய் வெள்ளையாகப் பனி கட்டியது. அப்பா டார்ச்சைக் கிண்ணத்தின்மேல் அடித்தார். தண்ணீரின் ஓரத்தில் ஊசி ஊசியாக ஏதோ ஓடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை படிந்தது. அப்பா விரலால் தொட்டார். நகத்தால் கீறினார். அப்புறம் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. சுற்றிலும் ஐஸ் கரைந்து தண்ணீராக ஓடுகிறது, நடுவில் வைத்த தண்ணீர் கல்லாக நிற்கிறது.

"அடியாத்தி" என்றார் அப்பா. ஒரு வார்த்தைதான். அப்புறம் என்னைக் கேட்டார், "இன்னும் எவ்வளவு ஐஸ் வேணும்? உமி மூட்டை நாலு கொண்டாரவா, பெட்டியைச் சுத்தி வைக்க?" அதுவரை என்னிடம் அவர் யோசனை கேட்டதே இல்லை. ஏதோ வயலில் பெரிய விவசாயியிடம் கேட்பது போலக் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணும்பா, நல்ல உமியா பாத்துக் கொண்டாங்க" என்று அதிகாரமாகச் சொன்னேன்.

இளகிய ஓரத்துப் பைகளைத் தனியாக எடுத்து அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் வைத்துக்கொண்டோம். மற்றதெல்லாம் பொட்டாஷ் பெட்டிக்குள் போனது. அதற்கப்புறம் அப்பா பெட்டிக்குக் காவல் நாய் மாதிரி ஆகிவிட்டார். யாரையும் தொட விடமாட்டார், ஆனால் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். "ஐஸு கரையுது பாத்தீங்களா? கரையுறதாலதான் குளிரு. எங்க பொண்ணு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க." மீன்கடைக்காரர் தினம் ஐஸ் கொடுத்தார். கரைந்த பொட்டாஷ் தண்ணீரைக்கூட அப்பா வீணாக்கவில்லை, நிறையத் தண்ணீரில் கலந்து வயலுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு பை எடுக்கும்போதும் நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஒன்றிலும் சிவப்புத் தெரியவில்லை. குழந்தை சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு என் மேலேயே ஏப்பம் விட்டது.

ரோட்டை வெட்டித் திறந்ததும் தங்கச்சி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அம்மா தாங்கிப் பிடித்து இறக்க, வாசலிலேயே, "அக்கா, என்ன குடுத்தே?" என்றாள். குரலில் பயம். அவள் இன்னும் சில நாள் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் தூக்கை எடுத்து, வெளியே நன்றாகக் கழுவித் துடைத்து, மூடியைத் திறந்து ஒரு பையை அவள் கையில் வைத்தேன். அவள் அதைக் கதவு நிலையில் தட்டினாள். டொக்கென்று கல் மாதிரி சத்தம். இன்னொரு தடவை தட்டினாள். அப்புறம் அந்தப் பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "என் பாலுக்கா, எல்லாம் என் பாலு" என்று அழுதாள், சிரித்தாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவளைப் பெற்ற அம்மாவுக்கும் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்த எனக்கும் அன்றைக்கு இருந்த கர்வத்தை ஊரில் யாராலும் அடக்கியிருக்க முடியாது.

தங்கச்சி உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது, பேச்சுச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அத்தையும் வந்தார். எல்லோரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், கோவிக்கக் கூடாது. பொட்டாஷும் ஒரு உப்புதான்."

அத்தைக்கு முகம் மாறியது. "என்னடி சொல்றே?"

"கெமிஸ்ட்ரியில அதுவும் உப்புத்தான் அத்தை. கடலுப்புக்குத் தம்பி முறை."

"அப்ப வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம், நான் என் கையால, ஒரு மூட்டை உப்பையா தூக்கிக் குடுத்தேன்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். அத்தை தங்கச்சி மடியிலிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பால் குடித்த வாயை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"லட்சுமிதானே, போனா போகட்டும் போடி" என்றார். "எங்க போயிருக்கான்னுதான் தெரியுதே."